ஆறு மாதத்தைத் தவறவிடாதீர்கள்



கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அவரை வேலையால் நிறுத்தி எட்டு மாதம். "துரை பேசுறேன்னாரு, தலைவரும் பாத்துக்கிறேன்னாரு. அதான் சும்மா இருந்துட்டேன்" என்றார். தொழில் நியாய சபைக்குப் போகும் காலம் அதற்குள் முடிந்துவிட்டது. இப்படி இன்னொருவர் வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறோம்.

வேலையால் நிறுத்தியது நியாயமில்லை என்று நினைத்தால், 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டப்படி தொழில் நியாய சபையில் மனுப் போடலாம். நீங்களும் போடலாம், உங்களுக்காகச் சங்கமும் போடலாம். ஆனால் நிறுத்திய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போட வேண்டும். மார்ச் 10இல் நிறுத்தினார்கள் என்றால், செப்டெம்பர் 9க்கு முன்பே மனு போய்ச் சேர்ந்திருக்கட்டும். பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக நாள் நிற்காது. பேசுவது ஒரு பக்கம் நடக்கட்டும், மனு ஒரு பக்கம் போகட்டும்.

குற்றம் ஒன்றும் இல்லாமல், வேலை குறைந்துவிட்டது என்று ஆட்களை நிறுத்தினால் அது வேறு சட்டம். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், தொழிலாளியின் எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் அப்படி நிறுத்த முடியாது. இதற்கும் 6 மாதத்துக்குள் தொழில் ஆணையாளரிடம் முறையிட வேண்டும்.

நியாய சபையின் தீர்ப்பு பாதகமாக வந்தால், சட்டப் பிழை இருந்தால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். அதற்குக் கிடைக்கும் காலம் மிகக் குறுகியது. தீர்ப்புக் கிடைத்த அந்த வாரமே சட்டத்தரணியிடம் போய்விடுங்கள்.

அந்த அக்கா வெறுங்கையோடு போகவில்லை. 19 வருடச் சேவை அவருக்கு இருந்தது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 5 வருடம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு வருடம் ஒன்றுக்கு 14 நாள் சம்பளம் சேரும். வேலை முடிந்து 30 நாளுக்குள் தோட்டம் அதைக் கொடுக்க வேண்டும். அவருக்குக் கொடுக்கவில்லை. அந்த முறைப்பாட்டைத் தொழில் காரியாலயத்துக்கு எழுதிக் கொடுத்தோம்.

நிறுத்தினால் உடனே செய்ய வேண்டியவை:

1. நிறுத்திய நாளைக் கலண்டரில் குறித்து வையுங்கள்.
2. கடிதம் தந்தால் பத்திரமாக வையுங்கள். தராவிட்டால் எழுத்தில் கேளுங்கள்.
3. சம்பளச் சீட்டு, அடையாள அட்டைப் பிரதி, சேமலாப நிதி இலக்கம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேருங்கள்.
4. வாசித்து விளங்காத தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள்.

வாசிக்கத் தெரியாத அம்மா, அப்பாவுக்குப் பிள்ளைகள் இதை வாசித்துக் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் எங்களிடம் வாருங்கள், ஆனால் முதல் வாரத்திலேயே வாருங்கள்.