குழந்தைக்காக ஒத்திகை பார்க்கும் குழு

புது டெல்லியில் முன்பு வினய் நகர் என்று அழைக்கப்பட்டு, பின்னர் சரோஜினி நாயுடுவின் பெயரைப் பெற்ற சரோஜினி நகர், மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகளாலும் மலிவு விலைத் துணிச் சந்தையாலும் நாடெங்கும் அறியப்பட்ட பகுதி. அங்குள்ள பிள்ளையார் கோயிலும் அடுத்துள்ள லட்சுமிபாய் நகரின் தமிழ்ப் பள்ளியும் டெல்லித் தமிழர்களுக்கு இப்பகுதியோடு இருக்கும் நெடுநாள் உறவைச் சொல்லும். மருத்துவ வசதியைப் பொறுத்தவரை இப்பகுதிக்கு வேறொரு தனிச்சிறப்பும் உண்டு. சஃப்தர்ஜங் மருத்துவமனை, எய்ம்ஸ் என்று சுருக்கமாக வழங்கும் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம், அதன் அங்கமாக 2006-ஆம் ஆண்டின் இறுதியில் செயல்படத் தொடங்கிய ஜெயப்பிரகாஷ் நாராயண் விபத்துக்காய மையம் ஆகிய மூன்றும் இங்கிருந்து சில கிலோமீட்டருக்குள் அமைந்துள்ளன. மாடியிலிருந்து தவறி விழுந்த சிறுவனுக்கும், ஆகஸ்டு மாதப் பட்டக் காலத்தில் மாஞ்சா நூல் கழுத்தை அறுத்த சிறுமிக்கும், தீபாவளி வெடியில் கை கருகிய குழந்தைக்கும் இவ்வளவு அருகில் இவ்வளவு வசதி கிடைக்கும் குடியிருப்புகள் இந்தியாவில் மிகச் சில. எனினும் மருத்துவமனையின் வாசலை அடைந்துவிட்டதாலேயே குழந்தை காப்பாற்றப்பட்டுவிடுவதில்லை. உள்ளே காத்திருக்கும் மருத்துவரும் செவிலியரும் உதவியாளரும் அடுத்த பத்து நிமிடங்களில் ஒருவரோடொருவர் எவ்வாறு இணைந்து இயங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் முடிவு அமைகிறது. அந்த இயக்கம் முன்கூட்டியே பயிலப்பட வேண்டிய ஒன்று.

குழந்தைகளுக்கென்று தனிப் பயிற்சி ஏன் தேவை என்ற கேள்விக்கு விடை அவர்களின் உடலமைப்பிலேயே இருக்கிறது. உடலோடு ஒப்பிடுகையில் கைக்குழந்தையின் தலை பெரியது. மல்லாக்கப் படுக்கவைத்தால் பின்மண்டையின் பருமனால் கழுத்து தானாகவே முன்வளைந்து, ஏற்கெனவே குறுகலான மூச்சுக்குழல் அடைபட நேரும் என்பதால், தோளுக்கடியில் மடித்த துணியொன்றை வைப்பது பயிற்சி பெற்ற செவிலியர் முதலில் செய்யும் காரியங்களுள் ஒன்று. விலா எலும்புகள் வளையும் தன்மை உடையவை. அதனால் எலும்பு முறியாமலேயே அவற்றுக்குள்ளிருக்கும் நுரையீரல் நசுங்கியிருக்கக்கூடும். பெரியவர்களின் விலாக்கூடு கல்லீரலையும் மண்ணீரலையும் காக்கும் அளவுக்குக் குழந்தையின் விலாக்கூடு காப்பதில்லை. இவை எல்லாவற்றினும் ஆபத்தானது இரத்த இழப்பு தன்னை மறைத்துக்கொள்ளும் விதம். குழந்தையின் உடலில் ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 80 மில்லிலிட்டர் இரத்தம் இருக்கும். பத்துக் கிலோ குழந்தையிடம் இருக்கும் மொத்த இரத்தம் 800 மில்லிலிட்டர் மட்டுமே என்னும்போது, ஒரு தேநீர்க் குவளையளவு இழப்புகூட அதற்குப் பேரிழப்பு. அப்படியிருந்தும் இரத்தக் குழாய்களை இறுக்கிக்கொண்டும் இதயத்தை விரைந்து துடிக்கச் செய்தும் அந்த உடல் ஈடுகொடுப்பதால், மொத்த இரத்தத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு போகும்வரை இரத்த அழுத்தம் இறங்காமலேயே இருக்கலாம். அழுத்தக் கருவி காட்டும் எண்ணை நம்பிக் காத்திருப்பவர், எண் இறங்கும் வேளையில் குழந்தையை இழக்கும் விளிம்புக்கு வந்துவிட்டிருப்பார்.

ஆகவேதான் குழந்தை அவசர மருத்துவத் துறையின் பயிற்சிகள் கருவியைத் தொடுவதற்கு முன் கண்ணால் பார்க்கக் கற்பிக்கின்றன. குழந்தையின் தோற்றம், மூச்சுவிட அது படும் பாடு, தோலில் தெரியும் இரத்த ஓட்டம் ஆகிய மூன்றையும் அரை நிமிடத்துக்குள் எடைபோடும் முறைக்குக் குழந்தை மதிப்பீட்டு முக்கோணம் என்று பெயர். சுற்றியிருப்போரைக் கவனிக்கிறதா, தாயின் குரலுக்குத் திரும்புகிறதா, அழுகையில் வலு இருக்கிறதா, விலாவின் அடிப்பகுதி உள்ளிழுக்கப்படுகிறதா, கைகால்கள் வெளிறியோ திட்டுத்திட்டாகவோ இருக்கின்றனவா என்று பார்ப்பதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. அனுபவமுள்ள தாய்மார்கள் ‘பிள்ளை முகமே சரியில்லை’ என்று சொல்வதை மருத்துவம் ஒழுங்குபடுத்திக் கற்றுக்கொடுக்கும் முறை இது என்று கொள்ளலாம். தாயின் அந்தச் சொல்லைப் பொருட்படுத்தாமல் விடுவது பயிற்சியின்மையின் முதல் அடையாளம்.

அடுத்த இடர் மருந்தின் அளவில் இருக்கிறது. பெரியவர்களுக்குப் பெரும்பாலான அவசர மருந்துகளை நிலையான அளவில் கொடுத்துவிடலாம். குழந்தைக்கோ ஒவ்வொன்றையும் எடையைக் கொண்டு கணக்கிட வேண்டும். நெருக்கடியில் தசமப் புள்ளி ஓரிடம் நகர்ந்தால் மருந்து பத்து மடங்காகிவிடும். உயிருக்குப் போராடும் குழந்தையை எடைத்தட்டில் வைக்க முடியாது என்பதால், உயரத்தை அளந்து எடையை ஊகிக்கவும் அதற்குரிய மருந்தளவையும் குழாய் அளவையும் வண்ணக் கட்டங்களில் உடனே காட்டவும் வல்ல நாடா ஒன்றை அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் புரோஸ்லோ 1980-களில் உருவாக்கினார். அமெரிக்கக் குழந்தைகளை அளவையாகக் கொண்ட அந்த நாடா, பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட இந்தியக் குழந்தைகளின் எடையைக் கூட்டிக் காட்டுகிறது என்று 2008-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. கருவியை இறக்குமதி செய்யும்போது அதன் குறையையும் அறிந்து கையாளும் பயிற்சியை இங்கேயே உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

விபத்துக்காயப் பயிற்சியின் வரலாறே குழந்தைகளிடமிருந்துதான் தொடங்குகிறது என்பது பலரும் அறியாத செய்தி. 1976-ஆம் ஆண்டு பிப்ரவரியில், எலும்பு அறுவை மருத்துவரான ஜேம்ஸ் ஸ்டைனர் ஓட்டிவந்த சிறு விமானம் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு வயலில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்தார். நான்கு குழந்தைகளில் மூவர் கடுமையாகக் காயமுற்றனர். குளிரில் அவர்களை மீட்டு, சாலைக்குக் கொண்டுவந்து, மருத்துவமனைக்குச் சேர்த்த பிறகு, அங்கே கழுத்தெலும்பைப் பாதுகாப்பது போன்ற அடிப்படைகளைக்கூட அறியாதவர்கள் தம் பிள்ளைகளைக் கையாண்டதை அந்தத் தந்தை காண நேர்ந்தது. வயலில் வெறுங்கையோடு தாம் செய்த அளவுக்குக்கூட மருத்துவமனையால் செய்ய இயலவில்லை என்றால் குறை முறையில் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்த அவர், சக மருத்துவர்களோடும் செவிலியர்களோடும் சேர்ந்து 1978-இல் நடத்திய பயிற்சியே, 1980-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியால் ஏற்கப்பட்டு, ஏ.டி.எல்.எஸ். என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. மூச்சுப்பாதை, மூச்சு, இரத்த ஓட்டம், நரம்பு நிலை, உடலை முழுதாக வெளிப்படுத்திப் பார்த்தல் என்ற மாறாத வரிசையில், முதலில் கொல்லக்கூடியதை முதலில் சரிசெய்வதே அதன் சாரம். இந்தியாவில் இப்பயிற்சி 2009 முதல் சரோஜினி நகருக்கு அருகிலுள்ள ஜெயப்பிரகாஷ் நாராயண் மையத்தை நடுவாகக் கொண்டு நடந்துவருகிறது. அவசர மருத்துவத்தைத் தனித் துறையாக இந்திய மருத்துவக் கழகம் ஏற்றதும் அதே 2009-இல்தான். குழந்தைகளுக்கான மேல்நிலை உயிர்காப்புப் பயிற்சியோ 1980-களின் இறுதியில் அமெரிக்காவில் உருப்பெற்று, குழந்தை மருத்துவர் அமைப்புகள் வழியாக இந்தியாவுக்கு வந்தது.

ஆயினும் தனிமனிதர் ஒருவர் இரண்டு நாள் வகுப்புக்குச் சென்று சான்றிதழோடு திரும்புவதும், ஒரு குழு பயிற்சி பெறுவதும் ஒன்றாகா. இதயத்துடிப்பு நின்ற குழந்தைக்கு உயிர்ப்பூட்டும் வேளையில் நெஞ்சை அழுத்துபவர், மூச்சுப்பையை இயக்குபவர், ஊசிவழி அமைத்து மருந்தேற்றுபவர், நேரத்தையும் அளவையும் எழுதுபவர், எல்லாரையும் நோக்கி நின்று முடிவெடுக்கும் தலைவர் என்று குறைந்தது ஐந்து பேர் இயங்க வேண்டும். பெரியவர்களின் இதயம் பெரும்பாலும் இதய நோயால் திடீரென நிற்கிறது. குழந்தையின் இதயமோ மூச்சுத்திணறலாலோ இரத்த ஓட்டக் குறைவாலோ களைத்துக் கடைசியாக நிற்கிறது. ஆகவே காப்பவர் இருவர் இருந்தால் பதினைந்து அழுத்தங்களுக்கு இரண்டு மூச்சு என்று, பெரியவர்களுக்கு உரிய முப்பதுக்கு இரண்டு என்ற கணக்கைவிட அதிக மூச்சு கொடுக்க வேண்டும். சுருங்கிப்போன இரத்தக் குழாயில் ஊசி ஏறாதபோது, மீண்டும் மீண்டும் குத்திக்கொண்டிராமல், முழங்காலுக்குச் சற்றுக் கீழே கால் எலும்பின் மச்சைக்குள் ஊசியைச் செலுத்தி அவ்வழியே மருந்தேற்ற வேண்டும். இவற்றைப் படித்தவர்கள் ஏராளம். ஆனால் குழந்தையின் காலெலும்பில் ஊசியை இறக்கத் துணியும் கை, பொம்மையின் காலில் பலமுறை இறக்கிப் பழகிய கையாகவே இருக்கும்.

பொம்மையை வைத்து நடத்தும் ஒத்திகைக்கு இத்துறையில் இவ்வளவு மதிப்பு ஏற்பட்டது அதனால்தான். ஒத்திகையில் தலைவர் ஒருவரைப் பெயர் சொல்லிக் கட்டளையிட, அவர் அதை அப்படியே திருப்பிச் சொல்லி, செய்து முடித்ததும் ‘கொடுத்தாயிற்று’ என்று அறிவிக்க வேண்டும். இப்படிச் சொல்லும் மறுசொல்லும் இணைந்தால்தான், யாரோ கொடுத்திருப்பார்கள் என்ற எண்ணத்தில் யாருமே கொடுக்காமல் விடும் பிழை தவிர்க்கப்படும். மருந்தளவு தவறாகச் சொல்லப்பட்டால், அதைச் சுட்டிக்காட்டும் துணிவு பணியில் இளைய செவிலியருக்கு இருக்க வேண்டும்; மூத்த மருத்துவரின் சொல்லுக்கு மறுசொல் கூறாத பண்பாட்டில் வளர்ந்தவர்களுக்கு இது ஊசி போடுவதைவிடக் கடினமான பாடம். மருத்துவர்கள் தனியாகவும் செவிலியர்கள் தனியாகவும் பயிற்றுவிக்கப்படும் வழக்கம் இந்தப் பாடத்தை யாருக்கும் கற்பிக்காமல் விட்டுவிடுகிறது. ஒத்திகை முடிந்ததும் குழு முழுவதும் உட்கார்ந்து, எது நன்றாக நடந்தது, எது எங்கே தாமதமானது என்று, எவரையும் குற்றவாளியாக்காமல் பேச வேண்டும். உண்மையான கற்றல் நிகழ்வது அந்தப் பேச்சில்தான் என்பதில் பயிற்றுநர்களிடையே கருத்து வேறுபாடு குறைவு. கற்ற திறன் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்குகிறது என்று ஆய்வுகள் காட்டுவதால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தும் நீண்ட வகுப்பைவிட, அதே எமர்ஜென்சி வார்டில், அதே மருந்து வண்டியோடு, மாதமொருமுறை அரைமணி நேரம் நடத்தும் ஒத்திகை பயன் மிக்கது. மருந்து வண்டியின் எந்த அறையில் குழந்தைகளுக்கான சிறிய முகமூடி இருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

சரோஜினி நகரின் நினைவில் 2005 அக்டோபர் 29 நீங்காத நாள். தீபாவளிக்குச் சில நாட்களே இருந்த அந்தச் சனிக்கிழமை மாலையில் டெல்லியின் மூன்று இடங்களில் குண்டுகள் வெடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மிகப் பெரிய இழப்பு, குடும்பம் குடும்பமாகப் புத்தாடை வாங்க வந்தோர் நிறைந்திருந்த சரோஜினி நகர்ச் சந்தையில் நேர்ந்தது. ஜெயப்பிரகாஷ் நாராயண் மையம் அப்போது இயங்கத் தொடங்கியிருக்கவில்லை. ஒரே வேளையில் பலர் காயமுறும் இத்தகைய பேரிடரில், யாரை முதலில் கவனிப்பது என்று வகைபிரிக்கும் வேலை தனியாகக் கற்கப்பட வேண்டியது. பெரியவர்களுக்கான முறையில், மூச்சுப்பாதையைத் திறந்துவிட்டும் மூச்சு வராதவர் காப்பாற்ற இயலாதோர் வரிசையில் வைக்கப்படுவார். குழந்தைக்கு அந்த விதியை அப்படியே பொருத்துவது பிழை. மூச்சு நின்ற பிறகும் குழந்தையின் இதயம் சிறிது நேரம் துடித்துக்கொண்டிருக்கும். ஆகவே 1995-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் லூ ரோமிக் வகுத்த முறையில், நாடித்துடிப்பு இருக்குமாயின் ஐந்து மூச்சுகள் ஊதிப் பார்க்க வேண்டும். மூச்சு திரும்பினால் அக்குழந்தை முதல் வரிசைக்கு வரும். பதினைந்து விநாடிகளே பிடிக்கும் அந்தச் செயல் ஒரு குழந்தையை இறந்தோர் வரிசையிலிருந்து மீட்டுவிடக்கூடும். பெற்றோரைப் பிரிந்து, பெயர் சொல்லத் தெரியாமல் வந்துசேரும் குழந்தைக்கு அடையாள அட்டை கட்டி, ஒருவரைத் துணைக்கு அமர்த்துவதும் இப்பயிற்சியின் பகுதியே.

இத்தகைய பயிற்சிக்குப் பெரும்பணம் வேண்டும் என்ற எண்ணத்தை ஆப்பிரிக்காவின் மலாவி நாடு பொய்யாக்கியது. பிளாண்டயர் நகரின் குவீன் எலிசபெத் மருத்துவமனையில், வரிசையில் நின்ற குழந்தைகளை வந்த ஒழுங்கில் பார்க்காமல் ஆபத்தின் ஒழுங்கில் பார்க்கப் பணியாளர்களைப் பழக்கி, அவசரப் பிரிவை ஒழுங்கமைத்த பின், 10 முதல் 18 விழுக்காடு வரை இருந்த உள்நோயாளிக் குழந்தைகளின் இறப்பு 6 முதல் 8 விழுக்காடாகக் குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் 2005-இல் வெளியிட்ட வகைபிரிப்பு, மதிப்பீடு, சிகிச்சை என்ற பயிற்சி நூலுக்கு அந்த அனுபவமும் உரமாயிற்று. இந்திய அரசின் மருத்துவமனைகளுக்கான குழந்தைநலப் பயிற்சியிலும் அதன் பகுதிகள் இடம்பெற்றுள்ளன. கற்பித்த பாடத்தைத் திருத்திக்கொள்ள வேண்டிய கட்டாயமும் அதே கண்டத்திலிருந்து வந்தது. காய்ச்சலோடு இரத்த ஓட்டம் குன்றிய குழந்தைகளுக்கு நீர்மத்தை விரைந்து ஏற்றுவது இறப்பை மிகுவிக்கிறது என்று உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதுவரை உறுதியாகக் கற்பிக்கப்பட்ட ஒன்றை, தீவிர சிகிச்சை வசதியற்ற இடங்களில் மிகுந்த எச்சரிக்கையோடு செய்ய வேண்டியதாயிற்று. பயிற்றுநரும் மாணவராகவே இருக்க வேண்டிய துறை இது.

தமிழ்நாட்டில் இத்துறை வேரூன்றிய இடம் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. அங்குப் பணியாற்றிய மருத்துவர் இந்துமதி சந்தானம் குழந்தை அவசர மருத்துவத்துக்கென்று பாடநூல் வகுத்துப் பயிற்சியளித்ததும், தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டம் காயம், மாரடைப்பு, பக்கவாதம், தீக்காயம், நஞ்சு ஆகியவற்றோடு குழந்தை அவசரநிலையையும் தனித் தூணாக ஏற்றதும் குறிப்பிடத்தக்கவை. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் காயமுற்றோரின் முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கச் செய்தது. பணத்தின் தடை நீங்கியபின் எஞ்சுவது திறனின் தடை. அயல்நாட்டுப் பயிற்சிகளின் கட்டணம் செவிலியருக்கு எட்டாதது என்பதால், மத்திய அரசு 2022-இல் அறிமுகப்படுத்திய தேசிய அவசர உயிர்காப்புப் பயிற்சி மருத்துவரோடு செவிலியரையும் துணைமருத்துவப் பணியாளரையும் கருத்தில் கொண்டது வரவேற்கத்தக்கது.

எனினும் விபத்துக்குள்ளான குழந்தை முதலில் கொண்டுசெல்லப்படுவது பெரும்பாலும் பெரிய மையத்துக்கு அன்று. தெருமுனையிலுள்ள சிறு நர்சிங் ஹோமுக்கோ, வட்ட மருத்துவமனைக்கோதான். சரோஜினி நகரில் அந்த இடைவெளி சில நிமிடங்களில் கடக்கக்கூடியது. தருமபுரியின் மலைக்கிராமத்திலோ இராமநாதபுரத்தின் கடற்கரையிலோ அது மணிக்கணக்கில் நீளும். அங்கே இரவுப் பணியில் இருக்கும் ஒரு டியூட்டி டாக்டரும் இரண்டு செவிலியர்களும், கைக்குழந்தை அளவிலான ஒரு பொம்மையும் மூச்சுப்பையும் மச்சை ஊசியும் வைத்துக்கொண்டு, தங்களுக்குள் பேசும் தமிழிலேயே கட்டளையும் மறுசொல்லும் பழகுவதற்குத் தேவைப்படும் செலவு ஒரு பெரிய கருவியின் விலையோடு ஒப்பிடத்தக்கதன்று. சான்றிதழ் எத்தனை என்று கணக்கெடுக்கும் மருத்துவமனைகள், கடைசியாக ஒத்திகை நடந்த தேதி எது, அதில் எந்தெந்தச் செவிலியர் பங்கேற்றனர் என்பதையும் வார்டின் சுவரில் எழுதிவைக்கத் தொடங்கலாம்.