ஜப்பான் முதியோர் இல்லங்களில் பணியாளர் பற்றாக்குறை

ஜப்பான் மக்கள்தொகையில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் 65 வயதைக் கடந்தவர்கள். இவர்களில் தாமாக உண்ணவோ குளிக்கவோ எழுந்து நடக்கவோ இயலாதவர்களைக் கவனித்துக்கொள்ளும் பணி அங்கு 'கைகோ' எனப்படுகிறது. இப்பணிக்குப் போதிய ஆள் கிடைக்காமை அந்நாட்டு முதியோர் இல்லங்களின் முதன்மையான சிக்கலாகும். 2022இல் சுமார் 21.5 லட்சம் பேர் இத்துறையில் இருந்தனர். 2040இல் 27.2 லட்சம் பேர் தேவைப்படுவர் என்பது அந்நாட்டு அரசின் மதிப்பீடு. ஆனால் 2000ஆம் ஆண்டில் பராமரிப்புக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது முதல் ஏறிவந்த எண்ணிக்கை, 2023இல் முதன்முறையாகக் குறைந்தது.

மூவருக்கு ஒருவர் என்னும் விதி

இல்லத்தில் தங்கியுள்ள மூன்று முதியவருக்குக் குறைந்தது ஒரு பராமரிப்பாளர் அல்லது செவிலியர் இருக்க வேண்டும் என்பது விதி. கேட்பதற்கு இது தாராளமாகத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் நிலைமை வேறு. 100 முதியவர் உள்ள இல்லத்தில் 34 பணியாளர் இருப்பதாகக் கொள்வோம். ஒருவர் வாரத்திற்கு 40 மணி நேரம் வேலை செய்வார். வாரத்திலோ 168 மணி நேரம் உண்டு. அப்படியானால் எந்த நேரத்திலும் சராசரியாக எட்டுப் பேர்தாம் பணியில் இருப்பர். விடுப்பு, பயிற்சி ஆகியவற்றைக் கழித்தால் அதுவும் குறையும். அதனால்தான் பல இல்லங்கள் இரண்டு பேருக்கு ஒருவர் என்னும் அளவில் ஆள் வைக்க முயல்கின்றன.

இரவில் நிலைமை இன்னும் கடினம். பத்துப் பேர் அளவில் சிறு குழுக்களாக முதியவர்களைத் தங்கவைக்கும் இல்லங்களில், இரண்டு குழுக்களுக்கு ஒரு பணியாளர் இருந்தால் போதும் என்கிறது விதி. ஏறக்குறைய இருபது பேருக்கு ஒருவர்! படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, அணையாடை மாற்றுவது, மறதி நோயால் எழுந்து நடமாடுபவரைக் கவனிப்பது எல்லாம் அவர் ஒருவர் பொறுப்பு. இரண்டு அறைகளில் ஒரே நேரத்தில் அழைப்பு மணி ஒலித்தால், ஒருவர் காத்திருந்தே ஆக வேண்டும். மாலையில் தொடங்கி மறுநாள் காலை வரை 16 மணி நேரம் நீளும் இரவுப் பணிமுறையும் பரவலாக உள்ளது.

ஊதியம் ஏன் உயர்வதில்லை?

ஆள் கிடைக்காத தொழிற்சாலை ஊதியத்தைக் கூட்டி, பொருளின் விலையையும் கூட்டிக்கொள்ளலாம். முதியோர் இல்லத்திற்கு அந்த வழி இல்லை. பராமரிப்புக்கான கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. பொதுவாக மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்துகிறது. பயனாளர் செலுத்தும் சிறு பங்கு போக மீதியில் பாதி வரிப்பணம், பாதி 40 வயதைக் கடந்தோர் கட்டும் காப்பீட்டுத் தொகை. கட்டணத்தை உயர்த்தினால் ஓய்வூதியத்தில் வாழ்வோர் கட்டும் தொகையும் உயரும். எனவே அரசு தயங்குகிறது. மற்றத் துறைகளின் சராசரியைவிட இவர்களது மாத ஊதியம் சுமார் 80,000 யென் குறைவு. வேலை தேடும் ஒருவருக்கு மூன்றுக்கும் மேற்பட்ட காலியிடங்கள் இத்துறையில் இருப்பதற்கு மக்கள்தொகைச் சரிவை மட்டும் காரணமாகச் சொல்வது பொருந்தாது.

வெளிநாட்டுப் பணியாளர்

பொருளாதார ஒப்பந்தங்களின்கீழ் 2008இல் இந்தோனேசியாவிலிருந்தும், 2009இல் பிலிப்பைன்சிலிருந்தும், 2014இல் வியட்நாமிலிருந்தும் பராமரிப்பாளர்கள் வரத் தொடங்கினர். பலர் தம் நாட்டில் செவிலியப் படிப்பு முடித்தவர்கள். ஆயினும் தொடர்ந்து தங்கிப் பணியாற்ற, ஜப்பானிய மொழியில் நடக்கும் தேசியத் தேர்வில் வெற்றி பெற வேண்டியிருந்தது. படுக்கைப் புண்ணைக் குறிக்கும் 'ஜொகுசோ' என்ற சொல்லின் சித்திர எழுத்து ஜப்பானியருக்கே எளிதில் விளங்காது. புண்ணுக்கு மருந்திடத் தெரிந்தவர் அந்த எழுத்தில் தடுமாறினார். பின்னர் எழுத்துகளின்மேல் ஒலிப்புக் குறிப்பு இடப்பட்டது. தேர்வு நேரமும் நீட்டிக்கப்பட்டது. 2019இல் வந்த புதிய விசா முறை அடிப்படை மொழித் தேர்வு, திறன் தேர்வு ஆகியவற்றுடன் ஐந்தாண்டு வரை பணியாற்ற இடமளிக்கிறது. இம்முறையில் ஆள் அனுப்ப இந்தியாவும் 2021இல் ஒப்பந்தம் செய்துகொண்டது.

விளைவுகள்

மெத்தைக்கு அடியில் வைக்கும் உணர்விகளும் தூக்கும் கருவிகளும் இரவுச் சுற்றையும் முதுகு வலியையும் ஓரளவு குறைக்கின்றன. ஊட்டுவதற்கும் குளிப்பாட்டுவதற்கும் மனிதக் கைதான் வேண்டும். பணியாளர் இல்லாததால், இடத்திற்காகப் பலர் காத்திருக்கும்போதே படுக்கைகளைக் காலியாக வைத்திருக்கும் இல்லங்களும் உண்டு. பராமரிப்புச் சுமை அப்போது வீட்டிற்கே திரும்புகிறது. குடும்பத்து முதியவரைக் கவனிப்பதற்காக வேலையை விடுவோர் ஜப்பானில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேர்.