பார்வையற்ற ஆசிரியரும் படித்துக்காட்டும் கருவியும்

இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் எழுத்துமுறை 1951-ஆம் ஆண்டு ஏற்கப்பெற்றது. அவ்வாண்டே டேராடூனில் மத்திய பிரெயில் அச்சகமும் நிறுவப்பெற்றது. ஆறு புள்ளிகளால் 63 குறிகளை அமைக்கும் இம்முறையால், பார்வையற்றோர் விரலால் படித்துப் பிறர்க்குக் கற்பிக்கவும் வழி பிறந்தது. ஆயினும், புடைத்த புள்ளிகளுக்குத் தடித்த தாளும் மிகுந்த இடமும் வேண்டும்; ஒரு பாடநூல் பல தொகுதிகளாகப் பெருகிவிடும்.

இக்குறையைக் கணிப்பொறி பெரிதும் நீக்கியுள்ளது. திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் திரையிலுள்ள எழுத்தை ஒலியாக்கிப் படித்துக்காட்டும். 2006-இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் தொடங்கிய என்.வி.டி.ஏ. இவ்வகையினது, விலையின்றிக் கிடைப்பது. வகுப்பு நடக்கும் வேளையில் ஆசிரியரின் செவி மாணவர்பால் இருத்தல் வேண்டும். அப்போது பிரெயில் காட்டி என்னும் கருவி உதவும். அதன் நுண்ணிய முனைகள் மின்விசையால் எழுந்தும் தாழ்ந்தும் எழுத்துகளை விரலுக்கு உணர்த்தும்.

எனினும், இக்கருவிகள் எழுத்தையே அறியும். எழுத்தின் படத்தை அறியா. சுற்றறிக்கைத் தாளைப் படமெடுத்து அனுப்பினால் வாசிப்பான் வாய் திறவாது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் மென்பொருள் உண்டெனினும், முத்திரையும் கட்டங்களும் மங்கலும் உள்ள இடங்களில் அது பிழைபடும். ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் அமைந்தவை கண்ணுக்கு இந்திய மொழியாகத் தோன்றினும், கருவிக்குப் பொருளற்ற எழுத்துக் குவியலே.

பயிற்சி அறிவிப்போ மதிப்பெண் பட்டியலோ இவ்வாறு வந்தால், தகுதிவாய்ந்த ஆசிரியரும் பிறர் கண்ணை நாட நேரும். செய்திகள் அனைவரும் அணுகத்தக்க வடிவில் இருத்தல் வேண்டுமென 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் கூறுகிறது. ஆகவே, அலுவலர்கள் ஒருங்குறியில் தட்டெழுதிய கோப்பையே அனுப்புதல் வேண்டும். வரைபடங்களுக்கு ஓரிரு வரி விளக்கம் சேர்த்தலும் நலம். இதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டுவதில்லை.