ஈயக் குண்டுக்கு எதற்கு மெழுகு? அமெரிக்க கராஜ்களில் ஒரு ஹாபியும், அதில் ஒளிந்திருக்கும் ஆபத்தும்

அமெரிக்காவில் கராஜ் என்பது கார் நிறுத்த மட்டும் இல்லை. ஒருவருக்கு அது மரவேலைப் பட்டறை, இன்னொருவருக்கு பைக் ரிப்பேர் செய்யும் இடம். துப்பாக்கி சுடுவதை ஹாபியாக வைத்திருக்கும் சிலருக்கோ, ஈயம் உருக்கும் இடம். பழைய ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, சொந்தமாகக் குண்டு வார்க்கிறார்கள். வார்த்த குண்டை அளவுக்குக் கொண்டுவந்து மெழுகு பூசும் கருவியைக்கூட கடையில் வாங்காமல் தாங்களே செய்துகொள்பவர்கள் உண்டு.

உலோகக் குண்டுக்கு மெழுகு எதற்கு? அளவு பார்க்க தனிக் கருவி எதற்கு? இதையே இந்தியாவில் செய்தால் என்ன ஆகும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

குண்டு வேறு, தோட்டா வேறு

பேச்சுவழக்கில் இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்கிறோம். பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. இந்த நான்கும் சேர்ந்தால்தான் தோட்டா. குழாயை விட்டு வெளியே பறப்பது குண்டு மட்டும்தான்.

வீட்டில் வார்க்கப்படும் குண்டு பெரும்பாலும் ஈயம். கெட்டிப்பட கொஞ்சம் ஆன்டிமனி, அச்சில் நன்றாகப் படிய கொஞ்சம் வெள்ளீயம் கலந்திருக்கும். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. குண்டு வார்க்கும் ஈயம் காரீயம். அது நச்சு உலோகம்.

மெழுகு எதற்கு?

துப்பாக்கிக் குழாயின் உட்புறத்தில் திருகு போலச் சுழன்று செல்லும் பள்ளங்கள் இருக்கும். குண்டு அதில் உரசிச் சுழன்றபடி வெளியேறுவதால்தான் நேராகப் பறக்கிறது. ஈயம் மென்மையான உலோகம், 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். சூடான வாயு பின்னாலிருந்து தள்ள, எஃகுக் குழாயில் வேகமாக உரசும்போது ஈயம் உள்ளே அப்பிக்கொள்ளும். அப்பியது சேரச் சேர குறி தவறும். பிறகு அதைச் சுரண்டி எடுப்பது பெரும்பாடு.

அதைத் தடுக்கத்தான் மெழுகு. குண்டின் பக்கவாட்டில் வளையம் வளையமாக உள்ள பள்ளங்களில் அதை நிரப்புவார்கள். தேன்மெழுகும், துரு தடுக்கப் பயன்படும் அலாக்ஸ் என்ற பொருளும் சரிபாதி சேர்ந்த கலவை அமெரிக்காவில் ரொம்ப பிரபலம். அந்நாட்டு தேசிய ரைஃபிள் சங்கம் அதைப் பரவலாக்கியதால், சங்கத்தின் பெயரிலேயே அழைக்கப்படுகிறது.

அளவு ஏன் முக்கியம்?

9 மில்லிமீட்டர் துப்பாக்கியில் செம்பு உறை போட்ட குண்டின் விட்டம் வழக்கமாக 0.355 அங்குலம். உறையில்லாத ஈயக் குண்டு என்றால் 0.356 அங்குலம். வித்தியாசம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.025 மில்லிமீட்டர். தலைமுடியைவிட மெல்லிய இடைவெளி. ஆனால் குண்டு சிறுத்துப்போனால் அந்த இடைவெளியில் சூடான வாயு புகுந்து ஈயத்தை அரித்துவிடும். அதனால் அச்சிலிருந்து சற்றுப் பெரிதாக வரும் குண்டை, துல்லியமான துளையுள்ள எஃகு 'டை'க்குள் அழுத்தி ஒரே அளவாக்குகிறார்கள். இதற்குப் பெயர்தான் சைஸிங்.

இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்யும் கருவியின் தத்துவம் நம்ம ஊர் முறுக்கு உழக்குதான். நெம்புகோலை இறக்கினால் குண்டு டைக்குள் இறங்கி அளவாகும். அதே நேரம் பக்கத்துக் குழலில் உள்ள மெழுகு அழுத்தப்பட்டு, சிறு துளைகள் வழியாகக் குண்டின் பள்ளத்தில் பிதுங்கி நிரம்பும்.

கடையில் கிடைக்காதா?

கிடைக்கும். 1878 முதல் இயங்கும் லைமன், 1943-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஆர்சிபிஎஸ் போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே கருவி விற்றிருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு அளவுக்கும் தனி டை வேண்டும். பழங்காலத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு அந்த அளவில் டை கிடைப்பது சந்தேகம்தான். லேத் மெஷின் இருப்பவர் தானே கடைந்துகொள்கிறார். இல்லாதவர் இன்னும் எளிய வழிக்குப் போகிறார். கேக் தட்டில் குண்டுகளை நிற்க வைத்து, உருக்கிய மெழுகை ஊற்றி, ஆறியதும் பிஸ்கட் வெட்டுவதுபோல் ஒவ்வொன்றாக வெட்டி எடுக்கிறார். மெழுகே வேண்டாம் என்று, பெயின்ட் பவுடரை ஓவனில் சுட்டுப் படியவைக்கும் முறையும் இப்போது பரவியிருக்கிறது.

காசு மிச்சம் ஒரு காரணம். 'நானே செய்தேன்' என்ற திருப்தி அதைவிடப் பெரிய காரணம்.

இந்தியா மறக்காத கொழுப்பு

குண்டுக்குப் பூசும் பசை சாதாரண விஷயம் இல்லை என்பதை இந்திய வரலாறு நன்றாகவே அறியும். 1853 மாடல் என்ஃபீல்டு ரைஃபிளின் தோட்டா காகிதத்தில் சுற்றப்பட்டது. குழாய்க்குள் எளிதாக இறங்க அதில் கொழுப்பும் மெழுகும் பூசினார்கள். சுடும் முன் காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். அது பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு 1857 ஜனவரியில் கல்கத்தா அருகே டம்டமில் கிளம்பியது. சிப்பாய்களே தங்களுக்கு ஏற்ற பசையைப் பூசிக்கொள்ளலாம் என்று அதிகாரிகள் சொல்லிப் பார்த்தும் எடுபடவில்லை. ஏப்ரல் 24-ல் மீரட்டில் 85 குதிரைப்படை வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். மே 10-ல் கிளர்ச்சி வெடித்தது. அதற்குக் காரணங்கள் பல. பற்றவைத்த பொறிகளில் ஒன்று இந்தப் பசை.

இந்தியாவில் செய்யலாமா?

லைசென்ஸ் இல்லாமல் கூடவே கூடாது. அமெரிக்காவில் விற்பனைக்காகத் தொழிலாகச் செய்பவருக்குத்தான் மத்திய அரசின் லைசென்ஸ் தேவை. சொந்த உபயோகத்துக்குத் தேவையில்லை. இந்தியாவில் நிலைமை நேர்மாறு. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, தோட்டா தயாரிக்க லைசென்ஸ் கட்டாயம். அந்தச் சட்டம் 'தோட்டா' என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களையும், அதைத் தயாரிக்கும் இயந்திரத்தையும் சேர்த்தே வைத்திருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, சட்டவிரோதத் தயாரிப்புக்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள். 'வீடியோ பார்த்து சும்மா செஞ்சு பார்த்தேன்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

உண்மையான ஆபத்து எங்கே?

ஈயம் உருக்கும்போது எல்லாருமே கவனமாகத்தான் இருப்பார்கள். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டு தண்ணீர் விழுந்தால் நொடியில் ஆவியாகி, ஈயத்தை நாலாபக்கமும் தெறிக்கவிடும். அந்தப் பயத்தில் கண்ணாடி, கையுறை எல்லாம் இருக்கும்.

ஆனால் சைஸிங்கும் மெழுகு பூசுவதும் சூடு இல்லாத, நிதானமான வேலை. நூற்றுக்கணக்கான குண்டுகளை ஒவ்வொன்றாக விரலால் எடுத்து வைக்க வேண்டும். பயம் விட்டுப்போவது இங்கேதான். சாம்பல் நிறத் துகள் விரலில் படியும், பிசுபிசுக்கும் மெழுகோடு ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் காபி கப் இருக்கும். உலோக ஈயம் தோல் வழியாக உடம்பில் ஏறுவது குறைவு. கையிலிருந்து வாய்க்கும், தூசியாக மூக்குக்கும் போவதுதான் முக்கிய வழி.

வீட்டில் குழந்தை இருந்தால் விஷயம் இன்னும் தீவிரம். சட்டையிலும் செருப்பிலும் ஒட்டிய தூசி ஹால் தரைக்கு வரும். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். உடம்பில் நுழைந்த ஈயம் கால்சியம்போல எலும்பில் போய் பல ஆண்டுகள் தங்கும். வளரும் மூளையைப் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவரவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தையின் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 3.5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே கவனிக்கச் சொல்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம். 2021-க்கு முன் இந்த அளவு 5 ஆக இருந்தது.

ஆரம்பத்தில் அறிகுறி எதுவும் தெரியாது. ரத்தப் பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும். கேக் தட்டையும் ஓவனையும் ஒருமுறை இதற்குப் பயன்படுத்தினால், அதன் பிறகு சமையலுக்கு எடுக்கவே கூடாது என்பதும் இதனால்தான்.

நமக்கு இதில் என்ன?

குண்டு வார்ப்பது நம்ம ஊர் ஹாபி இல்லை. ஆனால் ஈயம் நம்ம ஊரிலும் இருக்கிறது. பழைய பேட்டரி பிரிக்கும் கடை, மீன்வலைக்கு ஈயக் குண்டு வார்க்கும் வீடு, ஈயம் கலந்த சால்டரிங் செய்யும் ரிப்பேர் கடை என எல்லா இடத்திலும் விதி ஒன்றுதான். வேலை செய்யும் இடத்தில் சாப்பாடு, டீ, சிகரெட் வேண்டாம். முடித்ததும் சோப்பு போட்டு கை கழுவ வேண்டும். தூசியைத் துடைப்பத்தால் பெருக்கினால் காற்றில் பறக்கும், ஈரத்துணியால் துடைப்பதே சரி. வேலை உடையோடு குழந்தையைத் தூக்கக் கூடாது, அந்த உடையைத் தனியாகத் துவைக்க வேண்டும். தொடர்ந்து ஈயத்தோடு புழங்குபவர்கள், ரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதிப்பது பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.