எந்தக் கேள்வியை எடுப்பது?



ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? மாடு வாங்க வந்தவர் முதலில் என்ன செய்கிறார்? மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். விற்பவர் சொல்லும் வயதை அவர் அப்படியே நம்புவதில்லை.

மாட்டுக்குக் கீழ்த்தாடையின் முன்புறம் எட்டுப் பற்கள். ஏறத்தாழ இரண்டு வயதில் இரண்டு பால்பற்கள் விழுந்து நிலையான பற்கள் முளைக்கின்றன. பிறகு இரண்டிரண்டாகக் கூடி, நான்கு ஐந்து வயதில் எட்டும் நிறைந்துவிடும். அதற்குமேல் தேய்மானத்தைக் கொண்டு உத்தேசமாகத்தான் சொல்லலாம். ஆகவே, பல் நல்ல சாட்சி. ஆனால் ஓர் எல்லை வரையில்தான்.

'இது நமக்கு எப்படித் தெரியும்? எவ்வளவு தூரம் தெரியும்?' இவ்விரு கேள்விகளை ஆராயும் துறையே அறிவுக் கோட்பாடு. தமிழுக்கு இது புதிதன்று. அறிவைப் பெறும் வழிகளை 'அளவைகள்' என்றனர் நம் முன்னோர். வியாசர் பத்து, கிருதகோடி எட்டு, சைமினி ஆறு என அளவைகளைக் கொண்டதை மணிமேகலையின் 27ஆம் காதை கூறுகிறது. இன்று சர்வதேச பாக்கலரேட் என்னும் பாடத்திட்டத்தில் இது ஒரு தனிப்பாடம். ஆறு தலைப்புகளில் ஒன்றைத் தேர்ந்து, 1600 சொற்களுக்கு மிகாமல் மாணவர்கள் கட்டுரை எழுத வேண்டும். எழுதுவதைவிடத் தேர்வதுதான் கடினம்!

ஒரு மாணவியின் கட்டுரை

அறிவியல் மன்றப் போட்டிக்காக என் மாணவி ஒருத்தி, 'உண்மை என்றால் என்ன?' என்ற தலைப்பில் நான்கு பக்கம் எழுதி வந்தாள். நான்கும் பிறர் சொன்ன கருத்துகள். அவள் யோசித்தது ஒரு வரிகூட இல்லை. தவறு என்னுடையது. 'பெரிய தலைப்பு, நன்று' என்று தட்டிக்கொடுத்தவன் நான்தான்!

"உனக்கு உண்மையிலேயே சந்தேகமாக இருப்பது எது?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, "எங்கள் ஊர்ப் பக்கத்து இரும்பு 4200 ஆண்டுப் பழமை என்கிறார்களே, சார். இரும்பிலா எழுதியிருக்கிறது?" என்றாள்.

அதுவல்லவா கேள்வி!

கரி சொல்லும் சாட்சி

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொகரப்பள்ளிக்கு அருகில் உள்ளது மயிலாடும்பாறை. அங்கு அகழ்ந்தெடுத்த மாதிரிகளுக்கு கி.மு. 1615, கி.மு. 2172 என்ற காலங்கள் கிடைத்ததாக 2022 மே மாதம் தமிழக அரசு அறிவித்தது.

இது எப்படித் தெரிந்தது? உயிருள்ள மரம் காற்றிலிருந்து கரி-14 அணுக்களைப் பெற்றுக்கொண்டே இருக்கிறது. இறந்தபின் வரவு நின்றுவிடும்; இருப்பு சிதைந்து குறையத் தொடங்கும். பாதியாகக் குறைய 5730 ஆண்டுகள். 4200 ஆண்டுகளில் சுமார் 60 விழுக்காடு எஞ்சும். கணக்குப் போட்டுப் பாருங்கள்!

ஆனால், இம்முறையில் பொதுவாக வயது காணப்படுவது இரும்புக்கன்று. அதே மண்ணடுக்கில் கிடைக்கும் கரித்துண்டு போன்ற பொருளுக்கு. அந்தக் கரி, முதிய மரத்தின் உள்வைரத்திலிருந்து வந்திருந்தால்? எலி வளை தோண்டி அடுக்கு கலைந்திருந்தால்? ஒரே அடுக்கில் பல மாதிரிகளை எடுத்தும், வேறு இடங்களோடு ஒப்பிட்டும் ஆய்வாளர்கள் இந்த ஐயங்களைக் களைய முயல்கிறார்கள். 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளைக்கு கி.மு. 3345 என்ற காலம் அறிவிக்கப்பட்டது. அதற்கும் இதே கேள்விகள்தாம்.

நம் மண் என்ற பெருமை கேள்வியைத் தூண்டலாம். விடையை அது முடிவு செய்யக் கூடாது.

மூன்று சோதனைகள்

நீங்கள் எடுக்கும் கேள்வியை இப்படிச் சோதியுங்கள்:

1. புத்தகத்தைப் புரட்டினால் ஒரே வரியில் விடை கிடைக்கிறதா? அப்படியானால் அது தகவல்; கட்டுரைக்கு ஆகாது.

2. நீங்கள் கண்ட அல்லது விளங்கிக்கொண்ட ஒரு பொருளை வைத்து வாதிட முடியுமா?

3. எந்தச் சான்று கிடைத்தால் உங்கள் முடிவை மாற்றிக்கொள்வீர்கள் என்று சொல்ல முடியுமா?

'உண்மை என்றால் என்ன?' இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தோற்றது. அம்மாணவி தலைப்பை மாற்றினாள்: 'கரியின் வயதை இரும்பின் வயதாகக் கொள்ள என்னென்ன சான்றுகள் வேண்டும்?' இம்முறை இரண்டே பக்கம், இரண்டும் அவளுடையவை.

அடுத்த ஞாயிறு சந்தைக்குப் போனால், பல் பார்ப்பவரிடம் கேளுங்கள்: "எட்டுப் பல்லும் நிறைந்த மாட்டுக்கு வயதை எப்படிச் சொல்கிறீர்கள்?" உங்கள் கட்டுரைக்கான கேள்வி அங்கேயே கிடைக்கலாம்.