செக்கு வாங்கும் முன் கம்பத்தைப் பாருங்கள்

இலுப்பூர், அன்னவாசல், விராலிமலைப் பக்கம் மானாவாரிக் கடலை போடுகிறவர்களுக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு. நஞ்சில்லாமல் விளைவித்த கடலையும் வியாபாரி கையில் மற்றக் கடலையோடு ஒரே சாக்கில்தான் விழும். அதை நாமே ஆட்டி எண்ணெயாக விற்றால்தான் நம் உழைப்புக்குத் தனி விலை. அதற்காகத்தான் நாங்கள் சில பேர் சேர்ந்து இலுப்பூர் அருகே ஒரு மரச்செக்குக் கொட்டகை போட்டோம். சுவரும் கூரையும் சீக்கிரம் எழுந்துவிட்டன. கரண்டுதான் எங்களுக்குப் பாடம் எடுத்தது.

வயரிங் பார்க்க வந்த தம்பி முதல் நாளே சொன்னது: "அண்ணே, பம்புசெட் லைன் பக்கத்துலயே நிக்குது. ஒரு கேபிள் இழுத்துட்டா முடிஞ்சுது. யாரு வந்து பாக்கப் போறா?"

பல ஊர்களில் நடப்பதுதான். ஆனால் விவசாய இணைப்பில் விலைக்கு எண்ணெய் ஆட்டினால், மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆம் பிரிவு பாயும். அனுமதித்த நோக்கத்துக்கு மாறான பயன்பாடு என்று உரிய கட்டணத்தைப்போல இருமடங்கு கணக்கிடுவார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குப் போடுவார்கள். 135-ஆம் பிரிவில் திருட்டு வழக்காகவும் ஆகலாம். கட்டுமான வேலைக்குக் கலவை மெஷின் ஓட்டினாலும் இதே கதைதான்; அதற்குத் தற்காலிக இணைப்பு தனியாக உண்டு.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். இந்த இலவச மின்சாரம் சும்மா வந்ததா? யூனிட்டுக்கு 1 பைசா உயர்வை எதிர்த்து 1970-இல் பெருமாநல்லூரில் கூடிய உழவர்களில் 3 பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். நாராயணசாமி நாயுடு காலத்துப் போராட்டங்களுக்குப் பிறகு 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் கிடைத்தது. அந்த லைனில் செக்கு ஓட்டினால், "விவசாயிக்கு எதுக்கு இலவசம்?" என்று கேட்கிறவன் வாய்க்கு நாமே அவல் போடுவதாகும். தம்பியிடம் இதைச் சொன்னபோது கொஞ்சம் முகம் சுளித்தார், பிறகு ஒத்துக்கொண்டார்.

அடுத்தது லோடு கணக்கு. இதை மெஷின் வாங்கும் முன்பே போட வேண்டும். 1 குதிரைத்திறன் என்பது 746 வாட். எங்கள் செக்கு மோட்டார் 5, கடலை உடைக்கும் மெஷின் 2, வடிகட்டி 1. மொத்தம் 8 குதிரைத்திறன், ஏறக்குறைய 6 கிலோவாட். விளக்கு, ஃபேன் அரை கிலோவாட். 4 கிலோவாட்டைத் தாண்டியதால் மும்முனை இணைப்புதான் வேண்டும்.

இனிமேல்தான் கவனம். 12 கிலோவாட்டுக்குள் இருக்கும் குடிசைத் தொழில், குறுந்தொழிலுக்கு 3-ஏ(1) என்ற கட்டண வகை. அதைத் தாண்டினால் 3-பி, கட்டணம் ஏறும். இன்னொரு 5 குதிரைத்திறன் செக்கு சேர்த்தாலும் எங்களுக்கு 10 கிலோவாட் சொச்சம்தான். அதன்மேல் சாமை, வரகு தோல் நீக்க 3 குதிரைத்திறன் மெஷின் வைத்தால் 12-ஐத் தாண்டிவிடும். பின்னால் பார்த்துக்கலாம் என்று அதிகமாகவும் எழுதிக்கொடுக்காதீர்கள். நிலைக்கட்டணம் கிலோவாட் கணக்கில்தான் வருகிறது. குறுந்தொழில் என்று காட்ட உத்யம் பதிவு கையில் இருக்கட்டும். அது ஆன்லைனில் இலவசம். இடைத்தரகருக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

கொட்டகைக்கு இடம் பார்க்கும்போது எல்லாரும் தண்ணி, பாதை பார்ப்போம். டிரான்ஸ்ஃபார்மர் எங்கே, அதில் எத்தனை பம்புசெட் ஓடுகிறது என்று பார்ப்பவர் குறைவு. மும்முனையில் இரண்டு ஃபேஸுக்கு நடுவே 415 வோல்ட் இருக்க வேண்டும்; 6 விழுக்காடு வரை கூடக்குறைய இருக்கலாம். ஊரே தண்ணி பாய்ச்சும் நேரத்தில் அளந்து பாருங்கள். 390-க்குக் கீழே இறங்கினால் மோட்டார் காயில் புகைந்துவிடும். அப்படிப்பட்ட இடம் என்றால் மின்வாரியத்தில் முதலிலேயே பேசி வையுங்கள்.

கம்பம் அடுத்தவர் வயலில் ஊன்ற வேண்டியிருந்தால் அவரிடம் நேரே போய்ப் பேசுங்கள். எங்களுக்கு ஒருவர் மறுத்தார். "நடுவுல கம்பம் நின்னா நான் எப்படிங்க உழுவுறது?" என்றார். நியாயந்தானே? வரப்பை ஒட்டி மாற்றி வரைந்து கொடுத்தபோது சம்மதித்தார். பேச்சு முறிந்தால் மாவட்ட ஆட்சியரிடம் மனு போகலாம். ஆனால் தினமும் முகம் பார்க்கிற ஊரில் அது கடைசி வழி.

காகிதங்களில் தாமதம் செய்வது கூட்டுப்பட்டாதான். எல்லாப் பங்குதாரரின் சம்மதமும் வேண்டும். குழு பெயரிலோ குத்தகை நிலத்திலோ இணைப்பு கேட்டால் நில உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும். அது கிடைக்காதபோது உறுதிமொழிப் பத்திரமும் இருமடங்கு வைப்புத்தொகையும் கேட்பார்கள். உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் வயரிங் சோதனை அறிக்கை, மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.டி., மோட்டாருக்கேற்ற கெப்பாசிட்டர் இவை தயாராக இருக்கட்டும். கட்டட நிறைவுச் சான்று கேட்டால், தொழிற்சாலை வகைக் கட்டடங்களுக்கு 2019 கட்டட விதிகளிலேயே விலக்கு இருப்பதைச் சொல்லுங்கள்.

விண்ணப்பம் ஆன்லைனில்தான். எண்ணைக் குறித்து வையுங்கள், பணம் கட்டிய ரசீதை வையுங்கள். ஒழுங்குமுறை ஆணையம் 2004-இல் வகுத்த கெடுப்படி, லைன் நீட்டிப்பு தேவைப்பட்டால் 60 நாள், டிரான்ஸ்ஃபார்மர் சேர்க்க வேண்டியிருந்தால் 90 நாள். தாண்டினால் மின்னகம் 94987 94987-இல் புகார் பதியலாம். அதற்கும் அசையாவிட்டால் வட்ட அளவிலான மின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர்.

மீட்டர் மாட்டிய அன்று பூசை போட்டுத் தேங்காய் உடைப்பதற்கு முன், அட்டையில் என்ன கட்டண வகை எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 5 என்று வணிக வகை விழுந்திருந்தால் அன்றே உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.