புதுசா ஹெவி லைசென்ஸ் எடுத்தாச்சா? எந்த லாரி ஓனரிடம் சேரலாம்? சாவி வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்!

அறுவடை தொடங்கிவிட்டால் ஒரத்தநாடு பக்கம் லாரி சத்தத்துக்குப் பஞ்சம் இருக்காது. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் அடுக்கி வைத்திருக்கும் 40 கிலோ மூட்டைகளை ஏற்றிக்கொண்டு குடோனுக்கும், சரக்கு ரயிலில் ஏற்ற தஞ்சாவூருக்கும் வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும். புதிதாக லைசென்ஸ் எடுத்த பசங்களுக்கு அழைப்பு வருவதும் அப்போதுதான். "தம்பி, ஹெவி லைசென்ஸ் இருக்குல்ல? நாளைக்குக் காலையில வந்து வண்டிய எடு."

சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு ஏறி உட்கார்ந்துவிடலாமா? கூடாது. ஸ்டீயரிங்கைப் பிடித்த நிமிடத்திலிருந்து அபராதம், வழக்கு, விபத்து எல்லாம் முதலில் வந்து நிற்பது டிரைவரிடம்தான். அதனால் 'எவ்வளவு தருவீங்க?' என்பதோடு, 'சிக்கல் வந்தால் யார் பொறுப்பு?' என்றும் கேட்க வேண்டும்.

உங்கள் லைசென்ஸுக்கு எந்த வண்டி?

கனரக சரக்கு வாகனம் ஓட்ட 20 வயது முடிந்திருக்க வேண்டும். அதற்கு எல்எல்ஆர் போடும் முன், இலகுரக வாகன லைசென்ஸ் எடுத்து ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும்.

கார் லைசென்ஸ் மட்டும் இருக்கிறதா? மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை அதை வைத்தே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மினி லாரியில் கை பழகிவிட்டு பெரிய வண்டிக்குப் போவது நல்ல வழி. ஆனால், "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க, ஓட்டு" என்று கார் லைசென்ஸ்காரரிடம் பத்து சக்கர லாரியைக் கொடுக்கும் ஓனர் என்றால், அங்கேயே கும்பிடு போட்டுவிடுங்கள்.

உள்ளூர் லோடா, வெளிமாநிலமா?

உள்ளூரில் ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவரிடம் சேர்ந்தால் அடிக்கடி வீட்டுக்கு வரலாம், பழகிய ரோடு. ஆனால் நெல் லோடு சீசனைப் பொறுத்தது. குறுவை, சம்பா அறுவடை முடிந்ததும் டிரிப் குறையும். அந்த மாதங்களில் சம்பளம் உண்டா என்று கேளுங்கள்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் போனால் நேஷனல் பர்மிட் வண்டிகள் நிறைய. வருமானம் கூடலாம். ஆனால் வீடு திரும்ப வாரக்கணக்கில் ஆகும். முதல் சில மாதம் அனுபவமுள்ள டிரைவரோடு அனுப்புவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேஸ் டேங்கர் போன்ற ஆபத்தான சரக்கு வண்டிக்கு 3 நாள் பயிற்சி முடித்து லைசென்ஸில் தனியாகப் பதிய வேண்டும். அதனால் அது முதல் வேலையாக வேண்டாம்.

ஓனருக்கு முன்னால் வண்டியைப் பாருங்கள்

வண்டி நம்பரை எம்பரிவாகன் செயலியில் போட்டால் எஃப்.சி., இன்சூரன்ஸ், பர்மிட் எதுவரை இருக்கிறது என்று தெரியும். லாரிக்கு 8 வயது வரை 2 வருடத்துக்கு ஒருமுறையும், அதன் பிறகு வருடா வருடமும் எஃப்.சி. எடுக்க வேண்டும். இவற்றில் ஏதாவது காலாவதியாகி இருந்தால், விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம்.

இன்னொன்றும் முக்கியம். பாலிசி தாளை வாங்கி, சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவருக்கான பிரீமியம் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 'பெய்ட் டிரைவர்' என்று ஒரு வரி இருக்கும். உங்களுக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைப்பதில் இந்த வரிக்குப் பெரிய பங்கு உண்டு.

ஓவர்லோடு: 50 மூட்டையின் விலை

"கூட ஒரு அம்பது மூட்டைதானே, ஏத்திக்க" என்பார்கள். 50 மூட்டை என்றால் 2 டன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவு, ஓவர்லோடுக்கு ரூ.20,000 அபராதமும் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000-மும் சொல்கிறது. ஆக ரூ.24,000. கூடுதல் சுமையை இறக்கும் செலவு தனி.

கவனிக்க வேண்டியது, ஏற்றச் சொன்னவரோடு ஓட்டியவரையும் அந்தப் பிரிவு குற்றவாளியாகவே பார்க்கிறது. ஓவர்லோடுக்காக லைசென்ஸையும் சில மாதம் முடக்க முடியும். அபராதத்தை ஓனர் கட்டிவிடலாம். முடங்கிய லைசென்ஸுக்கு என்ன பண்ணுவீர்கள்?

சம்பளப் பேச்சில் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. மாதச் சம்பளமா, டிரிப் கணக்கா, வாடகையில் பங்கா? பேட்டா தனியா?

2. குடோன் வாசலில் லோடு இறக்க இரண்டு நாள் காத்திருந்தால் ஹால்டிங் பேட்டா உண்டா?

3. மைலேஜ் குறைந்தால் டீசல் காசைப் பிடிப்பார்களா? எத்தனை கிலோமீட்டர் கணக்கு?

4. மூட்டை எடை குறைந்தாலோ, நனைந்தாலோ யார் தலையில் விழும்?

5. டயர் வெடித்தால், வண்டி வழியில் நின்றால், போலீஸ் கேஸ் ஆனால் செலவு யாருடையது?

பதில்களை வாங்கிக்கொண்டு, "நீங்க சொன்னது இதுதானேண்ணே?" என்று ஓனருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் போட்டு வையுங்கள். பின்னால் பேச்சு மாறினால் அது கைகொடுக்கும்.

எத்தனை மணி நேரம் ஓட்டலாம்?

1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. 5 மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றது. ஆனால் அது 5 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களை மனதில் வைத்து எழுதப்பட்ட சட்டம். ஒரு லாரி ஓனரிடம் அது எட்டிப் பார்த்ததில்லை. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் இந்தச் சட்டமும் அடங்கிவிட்டது. புதிய தொகுப்பு, வேலைக்கு எடுப்பவருக்கு நியமனக் கடிதம் கொடுக்கச் சொல்கிறது. பெரிய கம்பெனி என்றால் அந்தக் கடிதத்தையும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

"தூக்கம் வருது, ஓரமா நிறுத்திட்டு கிளம்புறேன்" என்று போனில் சொன்னால் ஓனர் என்ன சொல்வார்? இதை அவரிடம் ஏற்கெனவே வேலை பார்த்த டிரைவரிடம் விசாரியுங்கள். தூங்கி விழுந்து ஒரு உயிர் போனால், பாரதிய நியாய சன்ஹிதா 106(1) பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. அதை அனுபவிக்கப்போவது ஓனர் அல்ல.

அட்வான்ஸ் உஷார்!

கல்யாணம், வீட்டுச் செலவு என்று சேரும்போதே பெரிய தொகை வாங்கிவிட்டால், வண்டி சரியில்லை என்றாலும் விட்டுப் போக முடியாது. ஒரிஜினல் லைசென்ஸை ஓனரிடம் ஒப்படைப்பதும் வேண்டாம். நகல் கொடுத்தால் போதும்.

நல வாரியத்தில் பதிந்தாச்சா?

அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கென்று தமிழ்நாடு அரசின் நல வாரியம் இருக்கிறது. தொழிலாளர் துறை மூலம் ஆன்லைனில் பதியலாம். விபத்து மரணம், பிள்ளைகள் படிப்பு, திருமணம், ஓய்வூதியம் போன்றவற்றுக்கு உதவி உண்டு. ஓனர் மாறினாலும் இந்தப் பதிவு உங்களோடே வரும்.

இவ்வளவு கேட்டால் வேலை கிடைக்குமா என்ற பயம் வரலாம். நியாயமான ஓனர் தன் வண்டியை விவரம் தெரிந்த கையில் கொடுக்கத்தான் விரும்புவார். பேப்பரைக் காட்டச் சொன்னதற்கே முகம் சுளிப்பவர், நடு ராத்திரி ரோட்டில் வண்டி நிற்கும்போது போனை எடுப்பாரா? அதை யோசித்துவிட்டு சாவியை வாங்குங்கள்.